ஐந்து கால் நாற்காலி

உரைநடைப் பாடம்

நுழையுமுன்

திண்ணையும் பாயும் முக்காலியும் பிரம்பு நாற்காலியும் தமிழர் வீடுகளின் பழைய இருக்கைகள். இன்றோ நாளின் பெரும்பகுதியைக் கணினியின் முன் கழிப்போர்க்கெனத் தனியே ஓர் இருக்கை உருவாகியுள்ளது. அதன் விலை சில ஆயிரங்களில் தொடங்கி ஓர் இலட்சத்தைத் தாண்டுகிறது. அத்தனை விலைக்கு அதில் என்னதான் இருக்கிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பெயரும் பொருளும்

நாற்காலி என்பது நான்கு கால்களை உடையது என்னும் பொருளில் அமைந்த பெயர். ஆனால் வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ உள்ள சுழலும் நாற்காலியைக் குனிந்து பார்த்தால் நான்கு கால்கள் இருப்பதில்லை. நடுத்தண்டின் அடியிலிருந்து விண்மீன் போல ஐந்து கிளைகள் பிரிந்து செல்லும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சிறு சக்கரம் இருக்கும். ஐங்கரன் என்பது போல அதனை ஐங்காலி என்று அழைப்பதே முறை. எனினும் வழக்கில் நாற்காலி என்ற பெயரே நிலைத்துவிட்டது. எள்ளிலிருந்து எடுத்த நெய்யே எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று கூறுகிறோமே, அதைப் போன்றதே இதுவும்.

ஏன் ஐந்து கால்கள்? சுழலும் நாற்காலியில் அமர்ந்தவர் எப்பக்கமும் திரும்புவார், எப்பக்கமும் சாய்வார். கால்களின் முனைகளை இணைத்துக் கோடுகள் வரைந்தால் ஓர் உருவம் கிடைக்கும். உடலின் எடை அந்த உருவத்திற்குள் விழும் வரை நாற்காலி கவிழாது. கோட்டைத் தாண்டினால் கவிழும். அடுத்தடுத்த இரண்டு கால்களுக்கு நடுவேயுள்ள திசையில்தான் அக்கோடு நடுத்தண்டுக்கு மிக அருகில் வருகிறது. ஒவ்வொரு காலும் 30 செ.மீ. நீளம் என்று கொண்டால், மூன்று கால் இருக்கையில் அந்தத் தொலைவு 15 செ.மீ. மட்டுமே. நான்கு கால்களில் அது ஏறத்தாழ 21 செ.மீ. ஆகிறது, ஐந்தில் 24, ஆறில் 26. நான்கிலிருந்து ஐந்துக்குச் செல்லும்போது கிடைக்கும் பயன், ஐந்திலிருந்து ஆறுக்குச் செல்லும்போது கிடைப்பதில்லை. காலின் எண்ணிக்கை கூடக்கூட அமர்ந்தவரின் பாதங்கள் அவற்றில் இடறவும் செய்யும். ஆகவே ஐந்து என்பது கணக்கறிந்தோர் செய்த தேர்வு. வடிவியல் வகுப்பில் படிக்கும் ஐங்கோணம் அலுவலகத் தரையில் உருண்டுகொண்டிருக்கிறது.

சுழல்வதும் உருள்வதும் சாய்வதும் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த நாற்காலி புதியதன்று. 1849-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தாமஸ் வாரன் என்பவர் எஃகு வில்களின் மேல் அசையும் நாற்காலி ஒன்றை உருவாக்கினார். 1851-இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஆனால் நாற்காலியைப் பற்றி மனித உடலிடமே கேட்டறியும் அறிவியல் வளர்வதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. வேலைக்கு ஏற்ப மனிதனை வளைக்காமல், மனிதனுக்கு ஏற்ப வேலையின் கருவிகளையும் சூழலையும் அமைக்கும் அவ்வறிவியலைத் தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம்.

அமர்தலும் ஓர் உழைப்பே

அமர்ந்திருப்பது ஓய்வு என்று பலரும் எண்ணுகின்றனர். முதுகெலும்பு அவ்வாறு எண்ணுவதில்லை. மனித முதுகெலும்பு நேர்க்கோடாக இல்லாமல் மெல்லிய வளைவுகளோடு அமைந்தது. இடுப்புப் பகுதியில் உள்ள ஐந்து முள்ளெலும்புகள் நிற்கும்போது முன்நோக்கி வளைந்திருக்கும். முக்காலியில் அமர்ந்தவுடன் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல, அவ்வளைவு தட்டையாகிவிடுகிறது. எலும்புகளுக்கு இடையே மெத்தை போல உள்ள இடைத்தட்டுகளின் முன்விளிம்பு நசுங்குகிறது.

சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ப் நாக்கெம்சன் 1960-களில் இந்த அழுத்தத்தை அளந்தார். இடைத்தட்டினுள் நுண்ணிய ஊசியைச் செலுத்திச் செய்த அளவீடு அது. நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், சாய்மானமின்றி அமரும்போது ஏறத்தாழ 140 என்றும், முன்குனிந்து அமரும்போது 185 என்றும் அவர் கணித்தார். 1999-இல் ஜெர்மனியிலிருந்து வெளியான மற்றோர் அளவீடு நிற்பதற்கும் அமர்வதற்கும் இடையே அவ்வளவு வேறுபாட்டைக் காணவில்லை. எனினும் முன்குனிந்து அமர்ந்தால் அழுத்தம் கூடும், பின்னோக்கிச் சாய்ந்தால் குறையும் என்பதில் இருவர் முடிவும் ஒன்றே. நிமிர்ந்து உட்கார் என்று பெரியோர் கூறுவர். சாய்ந்து உட்கார் என்று எவரும் கூறுவதில்லை. ஆனால் முதுகு விரும்புவது அதையே.

வளர்ந்தவர்களின் இடைத்தட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டமும் இல்லை. அவை அழுந்தும்போது நீரை வெளியிட்டு, தளரும்போது உறிஞ்சி, அந்த வழியிலேயே உணவைப் பெறுகின்றன. அசையாத முதுகில் அந்தப் போக்குவரத்துக் குறைகிறது. எனவே நல்ல நாற்காலி என்பது உடலை ஒரே நிலையில் பிடித்து நிறுத்துவதன்று. அமர்ந்தவாறே அசைய விடுவது.

முதியோருக்காகத் தொடங்கிய தேடல்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஹெர்மன் மில்லர் என்னும் அறைகலன் நிறுவனம் உள்ளது. பில் ஸ்டம்ப் என்ற வடிவமைப்பாளர் அதற்காக 1976-இல் எர்கான் என்ற அலுவலக நாற்காலியை வடிவமைத்தார். மருத்துவர்களோடு கலந்து, மக்கள் உண்மையில் எவ்வாறு அமர்கின்றனர் என்பதைக் கண்டறிந்து செய்த நாற்காலி அது. பின்னர் 1980-களின் இறுதியில் அவரும் டான் சாட்விக் என்ற மற்றொரு வடிவமைப்பாளரும் வேறொரு பணியில் இறங்கினர். முதியோர் நாளெல்லாம் அமர்ந்திருக்கும் இருக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி.

தடித்த நுரைப்பஞ்சு வைத்துத் தைத்த பெரிய சாய்விருக்கைகளில்தான் முதியோர் அமர்ந்திருந்தனர். தொட்டால் மென்மை, அமர்ந்தால் சுகம். ஆனால் நுரைப்பஞ்சு உடலின் வெப்பத்தையும் வியர்வையையும் வெளியே விடுவதில்லை. எடை முழுவதும் சில இடங்களில் குவிய, நெடுநேரம் அமர்வோரின் தோலில் புண் உண்டாகும். மென்மை வேறு, சுகம் வேறு என்பது இங்கே வெளிப்பட்டது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய தாங்கியின் மேல் மெல்லிய நுரையை மட்டும் வைத்து, அடியில் காற்றுப் புக வழிவிட்டு, சாரா என்று பெயரிட்ட ஓர் இருக்கையை இருவரும் உருவாக்கினர். அது விற்பனைக்கு வரவில்லை.

ஆயினும் அந்தச் சிந்தனை வீணாகவில்லை. அலுவலகத்திற்கென மற்றொரு நாற்காலியைச் செய்ய முனைந்தபோது அவர்கள் நுரைப்பஞ்சை முற்றிலும் நீக்கினர். நெகிழும் இழைகளால் நெய்த வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துப் பொருத்தினர். 1994-இல் வெளிவந்த அந்த நாற்காலியின் பெயர் ஏரான். வலை, அமர்பவரின் உடல்வடிவை ஏற்று எடையைப் பரவலாகத் தாங்கியது, காற்றும் ஊடுருவியது. சாயும்போது முதுகுப்பகுதியும் இருக்கையும் ஒன்றையொன்று தழுவி நகர்ந்தன. கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகியவை இயல்பாக மடங்கும் இடங்களையொட்டி அவ்வசைவு அமைக்கப்பட்டிருந்தது. சட்டைக்கு அளவு இருப்பது போல நாற்காலிக்கும் ஏ, பி, சி என மூன்று அளவுகள் இருந்தன. குள்ளமானவர்க்கும் நெடியவர்க்கும் ஒரே இருக்கை என்ற பழைய வழக்கத்தை இது மாற்றியது.

வெளியீட்டுக்கு முன் பலரை அதில் அமரச் செய்து கருத்துக் கேட்டனர். சுகத்திற்கு நல்ல மதிப்பெண் வந்தது. அழகிற்கோ மிகக் குறைந்த மதிப்பெண். மெத்தையும் தோலுறையும் இல்லாத கருநிற எலும்புக்கூடு போன்ற அந்த உருவத்தை ஒரு நாற்காலியாகவே பலரால் ஏற்க முடியவில்லை. பின்னாளில் அதே நாற்காலி நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகத்தின் நிலையான தொகுப்பில் இடம்பெற்றது. கண்ணுக்குப் பழகினால் எலும்பும் அழகாகும் போலும்.

வெப்பமான நாடுகளில் வாழ்வோர்க்கு இந்தக் கண்டுபிடிப்பு வியப்பளிக்காது. பிரம்பு நாற்காலியின் பின்னலும், வட இந்தியச் சிற்றூர்களின் கயிற்றுக் கட்டிலும், இழுத்துக் கட்டிய துணியில் தாத்தாக்கள் படுத்திருந்த சாய்வு நாற்காலியும் செய்த வேலை இதுவே: சட்டத்தில் இழுத்துக் கட்டு, காற்றை விடு, உடலின் வடிவை ஏற்றுக்கொள். அந்தப் பழைய இருக்கைகளில் உயரத்தையும் சாய்வையும் ஆளுக்கேற்ப மாற்ற இயலவில்லை. புதியவற்றில் அது இயல்கிறது. வேறுபாடு அவ்வளவே, ஆனால் நாளுக்கு எட்டு மணி நேரம் அமர்பவர்க்கு அது சிறிய வேறுபாடன்று.

ஏரானிலும் குறை உண்டு. வலையைத் தாங்கும் சட்டத்தின் விளிம்பு கடினமானது. கால்களை மடக்கிச் சம்மணமிட்டு அமர விரும்புவோரின் தொடையிலும் கணுக்காலிலும் அது உறுத்தும். தவறான அளவைத் தேர்ந்தவர்க்கும் அதே தொல்லை. தரையில் சம்மணமிட்டு உண்டு வளர்ந்தவர்கள் அதில் அமர்ந்து சில நாட்கள் நெளிவது இயல்பே.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

அறைகலன் செய்வோர்க்கென பிப்மா என்னும் அமைப்பு அமெரிக்காவில் 1973 முதல் இயங்குகிறது. அலுவலக நாற்காலிகளுக்கு அது வகுத்துள்ள சோதனைகளுள் ஒன்றில், ஏறத்தாழ 57 கிலோகிராம் எடையுள்ள பையைச் சில செ.மீ. உயரத்திலிருந்து இருக்கையின் மேல் ஓர் இலட்சம் முறை போடுவர். ஒருவர் நாளொன்றுக்கு 30 முறை எழுந்து அமர்ந்து, ஆண்டுக்கு 250 நாட்கள் வேலை செய்தால் ஆண்டுக்கு 7,500 முறை ஆகும். ஓர் இலட்சத்தை எட்டப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லும். முதுகுப்பகுதியைத் தள்ளியும், சக்கரங்களைத் தடைகளின் மேல் உருட்டியும் இவ்வாறே சோதிப்பர்.

மலிவான நாற்காலிகள் எங்கே தோற்கின்றன என்பது வீடுகளிலேயே தெரியும். முதலில் நுரைப்பஞ்சு அமுங்கி அடிப்பலகை உறுத்தும். அடுத்துச் செயற்கைத் தோல், காற்றின் ஈரப்பதத்தால் சிதைந்து செதில் செதிலாக உரியும். மும்பை, சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் இது விரைவாகவே நிகழும். பிறகு நடுத்தண்டில் உள்ள வாயு உருளை தளரும். அதனுள் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயுதான் இருக்கையை உயர்த்தித் தாங்குவது. அதன் அடைப்பு தேய்ந்தால் வாயு கசிந்து, அமர்ந்தவர் அறியாமலே மெல்ல மெல்லக் கீழே இறங்குவார்.

உயர்விலை நாற்காலியிலும் இவை தேயும். ஆனால் உருளை, சக்கரம், கைதாங்கி ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றி மாற்ற இயலும். ஏரானுக்கு 12 ஆண்டு உத்தரவாதம் உண்டு. இரவு பகலாக மூன்று பணிமுறைகளில் ஆட்கள் மாறி மாறி அமர்ந்தாலும் அது பொருந்தும். 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் பல திடீரென மூடப்பட்டன. அவற்றின் ஏரான் நாற்காலிகள் குறைந்த விலைக்குக் கைமாறின. பழையனவற்றைப் பழுதுநீக்கி விற்கும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. விளம்பரத்தைக் காட்டிலும் பழம்பொருள் சந்தையே நம்பத்தக்க சான்று.

இருப்பினும் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். 1,20,000 ரூபாய் நாற்காலி 12 ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஆகிறது. 8,000 ரூபாய் நாற்காலியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 4,000 ரூபாய்தான். நீடித்து உழைப்பதாலேயே விலையுயர்ந்தது இலாபம் என்று விற்பனையாளர் கூறுவதை இக்கணக்கு ஏற்கவில்லை. மூவர் பணிமுறை மாறி அமரும் அலுவலகத்தில் கணக்கு மாறும். பழுதுநீக்கியதைப் பாதிக்கும் குறைவான விலையில் வாங்குவோர்க்கும் மாறும். ஆறு நாற்காலிகள் குப்பைக்குச் செல்வதையும், இடையே வந்துபோகும் முதுகுவலியையும் கணக்கில் சேர்ப்பதா என்பதை வாங்குபவர்தாம் தீர்மானிக்க வேண்டும்.

நீடித்து உழைத்தலுக்கு இந்தியாவிலேயே வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. 1950-களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது பியர் ஜென்னரே என்ற சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் அரசு அலுவலகங்களுக்குத் தேக்கும் பிரம்பும் கொண்ட நாற்காலிகளை வடிவமைத்தார். பிற்காலத்தில் பழையன என்று ஒதுக்கிய அவற்றை வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்கு வாங்குகின்றனர். தேக்குச் சட்டம் அப்படியே நிற்கிறது; பிரம்பு அறுந்தால் பின்னுபவர் ஒருவர் போதும். ஏரானின் வலை கிழிந்தால் தெருவில் அதைப் பின்னித் தருபவர் இல்லை. சட்டத்தோடு புதிய இருக்கைப்பகுதியையே வரவழைக்க வேண்டும்.

வீட்டில் உள்ள நாற்காலி

பெங்களூரு, புனே, குருகிராம் போன்ற நகரங்களில் கணினிப் பணிக்கெனக் குடியேறிய குடும்பங்கள் பல. 2020-இல் அலுவலகங்கள் மூடப்பட்டபோது அவ்வீடுகளின் உணவு மேசையே அலுவலகமும் பள்ளியும் ஆயிற்று. உணவு உண்ண இருபது நிமிடம் அமர்வதற்கான மர நாற்காலியில் பெற்றோர் பத்து மணி நேரம் அமர்ந்தனர். பெரியவர்க்கான அதே நாற்காலியில் பிள்ளைகள் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தனர். முதுகுவலியும் கழுத்துவலியும் பலரைத் தேடி வந்தன.

அத்தகைய வீட்டிலும் செய்யக்கூடியன உண்டு. பாதம் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் காலடியில் வைக்கலாம். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இடுப்பின் பின்னே, வளைவு உள்ள இடத்தில், சுருட்டிய துண்டைச் செருகினால் அது சாய்மானம் ஆகும். திரையின் மேல்விளிம்பு கண்ணின் உயரத்திற்கு வர, மடிக்கணினியின் அடியில் தடித்த நூல்களை அடுக்கலாம். அப்போது தட்டச்சுப் பலகை தனியே வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். இலட்ச ரூபாய் நாற்காலியில் அமர்வோர்க்கும் இந்தக் கடைசி விதி பொருந்தும். சுகமான நாற்காலி எழ மறக்கச் செய்யும் என்பதால் அவர்க்குச் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும்.

சொற்பொருள்

அறைகலன் – மேசை, நாற்காலி முதலிய வீட்டுப் பொருள்
இடைத்தட்டு – முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற பகுதி
சாய்மானம் – சாய்ந்துகொள்ள உதவுவது
நெகிழும் – இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும்
பணிமுறை – ஒருவர் வேலை செய்வதற்குரிய நேரப்பகுதி

இலக்கணக் குறிப்பு

நான்கு + காலி = நாற்காலி; மூன்று + காலி = முக்காலி. நான்கு கால் உடையன யாவும் நாற்காலி எனப்படுவதில்லை. பசுவுக்கும் மேசைக்கும் அப்பெயர் வழங்குவதில்லை. காரணம் பற்றி வந்து, பின் ஒரு பொருளுக்கே இடுகுறியாய் நின்றமையால் இது காரண இடுகுறிப் பெயர்.

வினாக்கள்

1. சுழலும் நாற்காலிக்கு ஆறு கால்கள் அமைக்காமல் ஐந்து அமைப்பது ஏன்? பாடத்தில் உள்ள எண்களைக் கொண்டு விளக்குக.
2. ‘மென்மை வேறு, சுகம் வேறு’ என்பது எவ்வாறு கண்டறியப்பட்டது?
3. ஏரான் நாற்காலிக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
4. ‘விலையுயர்ந்த நாற்காலியே இலாபம்’ – இக்கூற்றை ஏற்கிறீர்களா? பாடத்தின் கணக்கில் விடுபட்டவை எவை?
5. பிரித்து எழுதுக: எண்ணெய், ஐங்கோணம், முதுகெலும்பு, தேக்குச்சட்டம்.

செயல்பாடு

உங்கள் வீட்டில் அதிக நேரம் அமர்ந்து வேலை செய்பவர் யார்? அவருடைய நாற்காலியின் உயரத்தையும் அவருடைய முழங்காலின் உயரத்தையும் அளவுநாடாவால் அளந்து எழுதுக. ஒரு நாள் மாலை அவர் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுக. இரண்டையும் கொண்டு அவருக்குத் தமிழில் ஒரு மடல் எழுதி, அவரிடமே படித்துக் காட்டுக.